புல்லு வண்டிக்குள் புகுந்த காற்று

போன மாதக் கடைசியில் ஒரு புத்தகம் படித்தேன். மொத்தம் அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்துக்கு எனக்கு ஒன்பது நாள் பிடித்தது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்கள் என்னை ஓரளவு தெரிந்து வைத்திருப்பீர்கள் — மூக்கு நுனியில் கோபம், எல்லாவற்றிலும் கருத்துச் சொல்லும் அவசரம். இரண்டும் சேர்ந்து இந்த முறை என்ன செய்யப் பார்த்தன என்பதைத்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன். எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் பங்குக் கோயிலில், அதாவது ஊர் சர்ச்சில், புல் வெட்டும் வண்டி ஒன்று இருக்கிறது; புல்லு வண்டி என்போம். குட்டி டிராக்டர் மாதிரி உட்கார்ந்து ஓட்டுவது. வயிற்றுக்கு அடியில் பிளேடு சுற்றும். புதுச்சேரிப் பக்கம் ஏதோ ஒரு ரிசார்ட்டில் ஓடி, ஒதுக்கப்பட்ட வண்டி. அங்கே வேலை பார்க்கிற எங்கள் பங்குக்காரர் ஒருவர் கேட்டு வாங்கி, லோடு ஆட்டோவில் ஏற்றி விருத்தாசலத்துக்கு அனுப்பிவைத்தார். பள்ளிக்கூட மைதானத்துக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் அதுதான்.

யார் ஓட்டுவது என்ற பேச்சு வந்தபோது இரண்டு ஆண்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து யோசித்தார்கள். கோயிலைக் கூட்டிப் பெருக்கி, தோட்ட வேலையும் பார்க்கும் அமலி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். அன்றிலிருந்து அந்த சீட் அவருடையதுதான்.

நான் பங்குக் கமிட்டியின் செயலாளர். ஃபியூஸ் கேரியர் செய்யும் சின்ன பீங்கான் யூனிட் ஒன்றை இருபத்தெட்டு வருஷமாக நடத்திவருபவன். மெஷின் என்றால் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு அதனால் வந்தது.

அக்டோபர் மழையில் வண்டியின் ஒரு ரப்பர் பைப் வெடித்து, எண்ணெய் முழுக்கத் தரையில் கொட்டிவிட்டது. அமலியே வேறு பைப் வாங்கி மாட்டி, புது எண்ணெயும் ஊற்றினார். என்ஜின் ஸ்டார்ட் ஆகிறது. பிளேடு சுற்றுகிறது. ஆனால் பெடலை மிதித்தால் வண்டி ஒரு முனகு முனகி, அரை ஜாண் நகர்ந்து நின்றுவிடுகிறது.

இந்த வண்டிக்கு கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது. பெடலை மிதித்தால் உள்ளே ஒரு பம்ப் எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் போய்ச் சக்கரத்தைத் தள்ளும். எண்ணெயோடு காற்று கலந்துவிட்டால் போச்சு. காற்று சுருங்கிக் கொடுத்துவிடும், சக்கரம் அசையாது. இதையெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டேன். அமலிக்கு அன்றே தெரிந்திருந்தது.

மறுநாள் காலை வீட்டுக்கு வந்தார். கையில் பாலிதீன் பையில் சுற்றிய ஒரு புத்தகம்.

"உள்ள காத்து பூந்துட்டுது போல சார். போன்ல ஒரு வீடியோ பாத்தேன். வெள்ளக்காரரு ஒருத்தரு சக்கரத்த தூக்கி வெச்சி என்னமோ பண்றாரு. அது வேற வண்டி. நம்ம வண்டிக்கு எப்படின்னு இதுல போட்டுருக்கும். இங்கிலீசு. கொஞ்சம் படிச்சி சொல்றீங்களா?"

"வெச்சிட்டுப் போம்மா. பாக்கறேன்."

வைத்துவிட்டுப் போனார். அதன்மேல் செய்தித்தாள் விழுந்தது. செய்தித்தாளின்மேல் டீ டம்ளர். மூன்றாம் நாள் வந்து, "படிச்சீங்களா சார்?" என்றார். பத்தி எழுதிக் கொடுக்க வேண்டிய நாள் என்றேன். நான்காம் நாள் வாசலில் நின்றபடியே கேட்டார். பெண்ணாடத்திலிருந்து மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கிறோம், இனி புக்கு எதற்கு என்று அனுப்பிவிட்டேன்.

அரைப் பக்கம்... எத்தனை நிமிடம் ஆகியிருக்கும், சொல்லுங்கள்?

மெக்கானிக் கதிர்வேல் நல்ல கைக்காரர். கரும்பு டிராக்டர் எல்லாம் அவரிடம்தான் வரும். டீசல் பைப்பில் காற்று புகுந்தால் அவர் என்ன செய்வார்? நட்டைத் தளர்த்துவார், நுரை நுரையாய் டீசல் வரும், நுரை நின்றதும் நட்டை முடுக்குவார், வண்டி கிளம்பிவிடும். ஆயிரம் தடவை செய்த வேலை. அதையே இங்கேயும் செய்தார். பைப்பைத் தளர்த்தி, என்ஜினை ஓடவிட்டு, பெடலை மிதிக்கச் சொன்னார். எண்ணெய் பீய்ச்சி அடித்ததே தவிர, முனகல் அதிகமாயிற்று. தளர்ந்த வழியே இன்னும் கொஞ்சம் காற்றை வண்டி உறிஞ்சிக்கொண்டது.

அடுத்து என் முறை. எங்கள் தொழிலில் காற்றுக்கு எப்போதும் பயம். பிசைந்த மண்ணில் ஒரு குமிழி தங்கினாலும் சூளைக்குள் சாமான் வெடிக்கும். அதனால் மண்ணைப் பிசையும்போதே வேக்குவம் பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவோம். "இதுக்கும் அதுதான்யா" என்று யூனிட்டிலிருந்து பம்பை வரவழைத்து, எண்ணெய் டாங்கின் வாயில் குழாயைச் செருகினேன். உறிஞ்சியது. எண்ணெயைத்தான் உறிஞ்சியது. பம்பும் கெட்டது.

பக்கத்தில் நின்ற அமலி மெதுவாகச் சொன்னார்: "சார், அந்தப் புக்கு..."

"உனக்கு என்னம்மா தெரியும் இதுல? கண்ட எண்ணெய ஊத்திக் கெடுத்ததே நீதான்!"

சுற்றிலும் ஆறேழு பேர் நின்றார்கள். அமலி கீழே சிந்திய எண்ணெயின்மேல் மணலைத் தூவிவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குள் போய்விட்டார். நான் சொன்ன வார்த்தை சரியில்லை என்று அப்போதே தெரிந்தது. தெரிந்து என்ன? மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கதிர்வேல் உள்ளே பழுது என்றார்; கழற்றினால் பார்ட்ஸ் வெளியூரிலிருந்து வரவேண்டும் என்றார். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள்; இறந்துபோன சொந்தங்களின் கல்லறைக்கு வந்து எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றும் நாள். கல்லறைத் தோட்டத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல். கமிட்டி கூடியது. வேப்பூரில் ஒரு ஜேசிபி சும்மா நிற்கிறது, வரவழைத்து மேலாக ஒரு சுரண்டு சுரண்டினால் அரை நாளில் வேலை முடியும் என்று யோசனை சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தீர்மானத்தை எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

ஜேசிபி வருவதற்கு முந்தின நாள், மதியச் சாப்பாடு முடிந்த நேரம். வாசலில் அமலி.

"என்னம்மா?"

"புக்க வாங்கினு போலாம்னு வந்தேன் சார்."

"இப்ப எதுக்கு? நாளைக்குத்தான் ஜேசிபி வருதே."

"அதுக்குத்தான் சார்."

என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "ஒம்போது நாளா அந்தப் புள்ள இதுக்கு நடக்குது. அரைப் பக்கம் படிக்க உங்களுக்கு வலிக்குதா? உள்ள வா அமலி, உக்காரு."

அமலி உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்லலாமா என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கெழக்கு சுவரு ஓரமா என் பாப்பா இருக்குது சார். மூணு நாளு இருந்துச்சி. பத்தொம்போது வருஷம் ஆவுது. கட்டையில சிலுவ வெச்சோம், கரையான் தின்னுட்டுது. அப்பறம் வெக்க வசதியில்ல. இப்ப ஒரு மேடு மட்டும்தான். புல்லு மொளச்சா அதுவும் கண்ணுக்குத் தெரியாது. நானு சுவத்துத் தூணுலேருந்து எட்டு வெச்சி கண்டுபுடிப்பேன்."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"என் பாப்பா மட்டும் இல்ல சார். அந்த ஓரம் பூரா சின்னச் சின்ன மேடுங்கதான். பொறந்ததும் போனது, பொறக்கறதுக்கு முன்னாடியே போனது... பேரு வெக்காதது. புல்லு வண்டியில போனா எங்க பிளேட தூக்கணும், எங்க சுத்திப் போவணும்னு எனக்குத் தெரியும். ஜேசிபிக்காரருக்கு எப்படித் தெரியும்? ஒரு வாரு வாரினா எல்லாம் சமமாயிடும்."

"இத ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கலியே சார்."

குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

உடனே கமிட்டித் தலைவர் அந்தோணி அண்ணனுக்கு போன் போட்டேன். ரயில்வேயில் ரிட்டயர்டு ஆனவர், நேரம் என்றால் நேரம். விஷயத்தைச் சொன்னேன். 

"எனக்கும் தெரியாதுப்பா இது. ஆனா திருநாளுக்கு ஜனம் வந்து நிக்கும். பாம்பு, பூச்சி இருக்கற புல்லுல புள்ளைங்கள எப்படி விடறது? கையால அறுத்தா பத்து நாள் ஆவும். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள உன் வண்டி ஓடுச்சின்னா சொல்லு, ஜேசிபிய நிறுத்திடறேன். ஓடலன்னா வேற வழியில்ல."

மணி அப்போது இரண்டே முக்கால்.

டம்ளரையும் செய்தித்தாளையும் தள்ளிவிட்டுப் புத்தகத்தை எடுத்தேன். அட்டையில் டீக்கறை வட்டம் வட்டமாக. அமலி அதைப் பார்த்தார், சேலைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்தார், என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது — எண்ணெய் மாற்றினாலோ பைப்பைக் கழற்றினாலோ காற்றை வெளியேற்றும் முறை.

கோயில் ஷெட்டுக்குப் போனோம். என் காரின் ஜாக்கியைக் கொண்டுபோயிருந்தேன். பின்சக்கரம் இரண்டும் தரையைத் தொடக் கூடாது என்றது புத்தகம். ஜாக்கியில் தூக்கி, யூனிட்டிலிருந்து கொண்டுவந்த சூளைக் கற்களை அடுக்கி, வண்டியை அதன்மேல் உட்கார வைத்தோம். முன்சக்கரத்துக்கு இரண்டு கல் முட்டுக்கொடுத்தார் அமலி.

"கதிர்வேல் தளர்த்தின நட்டு?" என்று கேட்டேன்.

"அத அன்னிக்கே முடுக்கிட்டேன் சார். எண்ணெயும் ரொப்பி வெச்சிட்டேன்."

அடுத்த வரியைப் படித்தேன். பின்னால் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், அதை வெளியே இழுக்க வேண்டும்.

"இதுவா? வண்டி நின்னுட்டா தள்றதுக்கு இழுப்போமே, அதா?"

"அதேதான்."

"இத்தினி நாளா தள்ற கம்பின்னு நெனச்சினு இருந்தேன்" என்று அதை இழுத்துவிட்டார். அந்தக் கம்பி வெளியே இருக்கும்வரை எண்ணெய் சக்கரத்தோடு மல்லுக்கட்டாமல் உள்ளுக்குள்ளேயே சுற்றிவரும்.

என்ஜினை மெதுவாக ஓடவிட்டார். நான் படித்தேன்: பெடலை முழுக்க முன்னால் அழுத்தி, ஐந்து நொடி. விடு. பின்னால் அழுத்தி, ஐந்து நொடி. விடு. இப்படி மூன்று முறை. பிறகு என்ஜினை நிறுத்தி, கம்பியை உள்ளே தள்ளி, மறுபடி ஓடவிட்டு, அதே மாதிரி மூன்று முறை.

நான் வாய்விட்டு எண்ணினேன். அமலி மிதித்தார். கம்பியை உள்ளே தள்ளி மிதித்தபோது அந்தரத்தில் இருந்த சக்கரங்கள் ஒரு சுற்றுச் சுற்றி, திக்கி, நின்றன. முனகல் அப்படியே இருந்தது.

"இல்லம்மா... வேலைக்காவாது போலருக்கு" என்றேன்.

"டாங்கப் பாருங்க சார்."

பார்த்தேன். எண்ணெய்க்கு மேலே குமிழிகள். ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்துகொண்டிருந்தன. எண்ணெய் மட்டமும் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. காற்று இருந்த இடத்துக்கு எண்ணெய் போயிருக்கிறது. மட்டம் இறங்கினால் ரொப்பிவிட்டு மறுபடி செய் என்று அடுத்த வரியில் எழுதியிருந்தது. நான் அதுவரை படிக்கவில்லை. அவசரம்!

ரொப்பினோம். மறுபடி கம்பியை இழுத்து, முதலிலிருந்து. முன்னால் ஐந்து. பின்னால் ஐந்து.

யோசித்துப் பார்த்தேன். கதிர்வேல் திறந்துவிட்டு விரட்டப் பார்த்தார். நான் உறிஞ்சி இழுக்கப் பார்த்தேன். அவரவர் தொழிலில் எது சரியோ அதையே கொண்டுவந்து இந்த வண்டிமேல் போட்டோம். இதற்கு வேண்டியது வேறு. சக்கரத்தின் மேலிருக்கும் பாரத்தை எடுத்துவிட்டு, முன்னும் பின்னும் நிதானமாக நடத்திக்கொண்டே இருந்தால் காற்று தானே ஏறி வந்துவிடும். வேகமாக மிதித்தால் எண்ணெயோடு கலந்து நுரைத்து, உள்ளேயே தங்கிவிடும். மனுஷர்களிடமும் நான் இப்படித்தான் நடந்துகொள்கிறேனோ என்று தோன்றியது. அறுபத்து மூன்று வயதில் தோன்றி என்ன பிரயோஜனம் என்றும் தோன்றியது.

மூன்றாவது சுற்று. மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. எண்ணி எண்ணி என் தொண்டை கட்டிவிட்டது. நடுவில் ஒருமுறை என்ஜினை நிறுத்தியிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உன்ன அப்படிப் பேசியிருக்கக் கூடாது அமலி. தப்பு என்னுது."

அமலி நிமிர்ந்து பார்த்தார். "அத விடுங்க சார். எண்ணுங்க."

எண்ணினேன். நான்காவது சுற்றில் சத்தம் மாறியது. முனகல் இறங்கி, ஒரே சீரான ரீங்காரம் வந்தது. பெடலை அழுத்தியதும் இரண்டு சக்கரமும் திக்காமல் சுற்றின. பின்னால் அழுத்தினார், பின்னாலும் சுற்றின. டாங்கில் குமிழி இல்லை.

கற்களை எடுத்து வண்டியைத் தரையில் இறக்கினோம். அமலி சிலுவை போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். மிதித்தார். வண்டி ஷெட்டிலிருந்து வெளியே வந்தது. மைதானத்தில் ஒரு சுற்று. ஏற்றத்தில் ஏறியது, இறங்கியது. திரும்பி என்னிடம் வந்து நிறுத்தியபோது அவர் முகம் நனைந்திருந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. அந்தோணி அண்ணனுக்கு போன் போட்டேன். மணி ஐந்து நாற்பது.

"சத்தம் கேக்குது, வெச்சிடு. நான் வேப்பூருக்குச் சொல்லிடறேன்" என்றார்.

மறுநாள் காலை கல்லறைத் தோட்டத்துக்கு நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. சலவைக்கல் கல்லறைகளுக்கு நடுவே அமலி விறுவிறுவென்று ஓட்டினார். கிழக்குச் சுவர் வந்ததும் வேகத்தைக் குறைத்தார். என் கண்ணுக்கு அங்கே வெறும் புல்தான். அமலி ஓரிடத்தில் பிளேடைத் தூக்கினார், வளைந்தார், இறக்கினார். கொஞ்சம் தள்ளி மறுபடி தூக்கினார். வண்டி போய்வந்த பிறகு, வெட்டிய புல்லுக்கு நடுவே தீவு தீவாகச் சின்ன மேடுகள் தெரிந்தன. ஒரு முழம், ஒன்றரை முழம்.

பிறகு இறங்கி, அரிவாளால் ஒவ்வொரு மேட்டையும் சுற்றி அறுத்தார். எது அவருடைய பாப்பா என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நேரம்தான் எடுத்துக்கொண்டார், என்னால் கண்டுபிடிக்கவும் முடியவில்லை.

கடைசியில் ஒரு மேடு. மற்றவற்றைவிடச் சின்னது.

"இது யாருதும்மா?"

"தெரியலிங்க சார். என் பாப்பாவப் பொதைக்க வந்தப்பவே இது இங்க இருந்துச்சி. யாரும் வந்து நானு பாத்தது இல்ல." அரிவாளை நிறுத்தாமலே சொன்னார். "யாரோ பெத்ததுதான?"

பத்தொன்பது வருஷமாக, யாரென்றே தெரியாத அந்த மேட்டையும் ஒருத்தி சுற்றி அறுத்திருக்கிறாள். நான் அதைச் சமப்படுத்தக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இரண்டாம் தேதி மாலை. தோட்டம் முழுக்க ஜனம், பூ, சாம்பிராணி. ஃபாதர் கல்லறைகளின்மேல் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே கிழக்குச் சுவர் வரைக்கும் வந்தார். அந்தோணி அண்ணன்தான் அழைத்து வந்தார். அமலி மேட்டுக்கு ஒரு மெழுகுவர்த்தியாக ஏற்றிக்கொண்டே போனார். யாருடையதென்று தெரியாத அந்தச் சின்ன மேட்டுக்கு வந்ததும், கடைசி மெழுகுவர்த்தியை என்னிடம் நீட்டினார்.

"அத நீங்க ஏத்துங்க சார்."

முட்டி போட்டு ஏற்றினேன். பெயர் தெரியாத பிள்ளைக்கு என்னவென்று வேண்டிக்கொள்வது?  மன்னிப்பு மட்டும் கேட்டேன்.